பதினோரு கேபிள்கள்

நுண்ணோக்கியிலிருந்து முகத்தை எடுக்காமலேயே செக்கிங் அக்கா கேட்டார்: "இத்த யாரு உரிச்சது?"

அவர் குரலில் கோபமே இல்லை. சாப்பாட்டு வேளையில் யார் டப்பாவில் என்ன குழம்பு என்று கேட்பது போலத்தான் கேட்டார். மேசைக்கு முன்னால் நாங்கள் மூன்று பேர் நின்றிருந்தோம். அக்கா நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எங்களை ஒவ்வொருவராகக் குனிந்து பார்க்கச் சொன்னார். என் முறை வந்தது. வட்டமான வெளிச்சத்துக்குள் பத்தொன்பது மெல்லிய இழைகள், அறுத்த வைக்கோல் கட்டு போலப் பளபளத்துக்கொண்டிருந்தன. அவற்றில் இரண்டு இழைகளின் மேல் குறுக்கே ஒரு கீறல். மூன்றாவது இழை முழுதாகவே அறுந்து தனியாக நிமிர்ந்து நின்றது. வெறும் கண்ணால் பார்த்தால் தலைமயிரைவிட மெல்லிய அந்த இழை, அன்றைக்கு எனக்குத் தென்னை ஓலை ஈர்க்குச்சி அளவுக்குத் தெரிந்தது. நிமிர்ந்தபோது அக்கா என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

திண்டிவனத்துக்கு வெளியே, பெரிய சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருந்த சிறிய தொழிற்கூடம் அது. நாற்பது பெண்கள் வேலை பார்த்தோம். விமானங்களுக்குள் ஓடும் கேபிள்களுக்கு இரண்டு பக்கமும் கனெக்டர் பொருத்தித் தருவதுதான் எங்கள் வேலை. பெங்களூரிலிருந்து ஒரு பெரிய கம்பெனி கேபிளையும் கனெக்டரையும் வரைபடத்தையும் அனுப்பும். நாங்கள் வெட்டி, உரித்து, பொருத்தி, சோதித்துத் திருப்பி அனுப்புவோம். எந்த விமானத்துக்குப் போகிறது என்று எங்களிடம் சொல்லமாட்டார்கள். கேட்கவும் கூடாது. ஒவ்வொரு கேபிளுக்கும் ஓர் எண் உண்டு, அவ்வளவுதான்.

நான் விழுப்புரத்தில் டிப்ளமா முடித்தவள். அப்பா மண்டகப்பட்டுப் பக்கம் அடுத்தவர் நிலத்தில் வேலை பார்த்தவர். எங்கள் குடும்பத்தில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு குளிர்சாதன அறைக்குள் உட்கார்ந்து வேலை செய்த முதல் ஆள் நான்தான். காலையில் கம்பெனி வேன் விழுப்புரம் ஜங்ஷன் வாசலில் வந்து நிற்கும். விக்கிரவாண்டி தாண்டுவதற்குள் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். நான் தூங்கமாட்டேன். சேர்ந்து இரண்டு வருஷமாகியும் நான் ஒப்பந்த ஆளாகவே இருந்தேன். எந்த நாளும் வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்ற பயம் வண்டியில் என் பக்கத்திலேயே உட்கார்ந்து வரும்.

வேலை என்னவென்று சொன்னால்தான் நடந்தது புரியும். கேபிள் நம் சுண்டுவிரலில் பாதிகூட இருக்காது. மேல் உறையை வட்டமாக வெட்டிக் கழற்றினால் உள்ளே வெள்ளிப் பூச்சுப் பூசிய கம்பி வலை, சல்லடை போல நெருக்கமாகப் பின்னியது. வெளியிலிருந்து வரும் இரைச்சல் உள்ளே போகாமல் அது தடுக்கும். அந்த வலையை விரித்துச் சீவி மடித்தால், அதற்குள் இரண்டு கம்பிகள், ஒன்று வெள்ளை, ஒன்று நீலம், ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு போகும். வேகம் எவ்வளவு, உயரம் எவ்வளவு என்று கருவிகள் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்வதெல்லாம் அந்த இரண்டின் வழியாகத்தான். இரண்டும் முறுக்கியிருப்பதால் வலையைத் தாண்டி வரும் கொஞ்சநஞ்ச இரைச்சலும் இரண்டின் மேலும் ஒரே அளவு விழுந்து, கடைசியில் ஒன்றையொன்று இல்லாமல் ஆக்கிவிடும். ஒவ்வொரு கம்பியின் நுனியிலும் பிளாஸ்டிக்கை மட்டும் உரிக்க வேண்டும். உள்ளிருக்கும் பத்தொன்பது இழைகளில் ஒன்றின் மேலும் கத்தி படக்கூடாது. பிறகு அதை ஊசி போன்ற பின்னுக்குள் விட்டு, நெரித்து, கனெக்டருக்குள் தள்ளி மூடுவோம். மூடிய பிறகு உள்ளே என்ன இருக்கிறது என்பது உரித்தவளுக்கு மட்டும்தான் தெரியும்.

கீறல் விழுந்த இழை அன்றைக்கே அறுந்துவிடாது. இழுத்துப் பார்க்கும் சோதனையில் தேறும், மின்சாரச் சோதனையிலும் தேறும். மேலே போய் மாதக்கணக்கில் அதிர்ந்து அதிர்ந்து ஒருநாள் அறும். அதனால்தான் செக்கிங் அக்கா அடிக்கடி சொல்வார்: "மேல போனதுக்கு அப்புறம் யாரும் எறங்கி வந்து சரி பண்ண முடியாதும்மா. இங்கயே பாத்துக்க."

அக்காவுக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். கல்யாணத்துக்கு முன் பெங்களூரில் இதே வேலையை ஒன்பது வருஷம் செய்தவர். எங்கள் கூடத்தில் சோதனை முத்திரை வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். ஒரு விரல்நக அளவு ரப்பர் முத்திரை, அதில் அவருடைய எண். அதைக் கறுப்பு நாடாவில் கட்டிக் கோட்டின் உள்பைக்குள் வைத்திருப்பார். சாப்பிடப் போகும்போதும் கழற்றிவைக்கமாட்டார். கேபிளோடு போகும் தாளில் அந்த முத்திரை விழுந்தால்தான் வேனில் ஏறும். தை, மாசியில் எங்கள் எல்லார் வீட்டிலும் மல்லாட்டை அவித்திருப்பார்கள், வேர்க்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். பொட்டலம் கட்டிக்கொண்டு வருவோம். அக்கா வாசலிலேயே நிற்பார். "கொட்டைய வெளியவே துன்னு முடிச்சிட்டு, கையக் கழுவிக்கினு, கோட்ட உதறிக்கினு வாங்க. அந்த செவப்புத் தோலு ஒண்ணு கனெக்டர் உள்ள போய் ஒட்டிக்கினா அப்புறம் நம்ம கதையே கந்தல்" என்பார். எங்கள் பின்கழுத்துவரை கண்ணை ஓட்டித்தான் உள்ளே விடுவார். அவரிடம் எங்களுக்குப் பயம் இருந்தது. அதைவிட, அவர் 'சரி' என்று சொல்லிவிட்டால் ஒரு நிம்மதி இருந்தது.

தப்பான கேபிளுக்குச் சிவப்புச் சீட்டுக் கட்டுவார்கள். அதில் செய்தவர் பெயர் எழுத வேண்டும். அந்த மாதம் என் பெயரில் ஏற்கெனவே இரண்டு சீட்டு. மூன்றாவது விழுந்தால் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கமாட்டார்கள் என்று பேச்சு. அப்படி எழுத்தில் எங்கும் கிடையாது. ஆனால் முந்தின வருஷம் மூன்று சீட்டு வாங்கிய பெண் மறுமாதம் வேனில் வரவில்லை.

திங்கட்கிழமை மதியம், உரிக்கும் கருவி என் கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. நாங்கள் அதை ஸ்ட்ரிப்பர் என்போம், இடுக்கி மாதிரி இருக்கும், வாயில் இரண்டு சின்னக் கத்திகள். விழுந்த கருவியை அப்படியே எடுத்துப்போய்ப் பதிவேட்டில் எழுதி ஒப்படைக்க வேண்டும் என்பது சட்டம். கத்திகள் மயிரிழை நகர்ந்திருந்தாலும் இழையைக் கடிக்கும். பக்கத்தில் இருந்த இருவரும் தண்ணீர் குடிக்கப் போயிருந்தார்கள். நான் குனிந்து எடுத்தேன். துடைத்தேன். ஒரு துண்டுக் கம்பியை உரித்துப் பார்த்தேன். பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. பதிவேட்டில் என் பெயர் இன்னொரு முறை ஏற வேண்டாம் என்று நினைத்தேன். அந்த நினைப்புக்கு ஆன நேரம் ஒரு மூச்சுவிடும் நேரம்கூட இருக்காது.

அந்த வாரம் அவசரம். நாங்கள் மூவரும் இடம் மாறி மாறி உரித்தோம், சீவினோம், நெரித்தோம். தாளில் மூவர் கையெழுத்தும் சேர்ந்தே விழுந்தது. புதன்கிழமை சாயங்காலம் பதினோரு கேபிள்கள் முத்திரையோடு பெங்களூர் வண்டியில் போயின. அவற்றில் எத்தனை என் ஸ்ட்ரிப்பரால் உரித்தவை என்று எனக்கே தெரியாது. வியாழன் காலை, ஏதோ உறுத்த, 'பிளேடு மழுங்கிப்போச்சு' என்று சொல்லி ஸ்டோரில் அதைக் கொடுத்துவிட்டு வேறொன்று வாங்கிவந்தேன். மழுங்கிய பிளேடு மாற்றுவது தினமும் நடப்பதுதான். யாரும் கேள்வி கேட்பதில்லை.

அதே காலையில்தான் அக்கா, முந்தின நாளே உரித்து வைத்திருந்த அடுத்த தொகுதியில் ஒன்றை மாதிரிக்கு எடுத்து வெட்டிப் பார்த்தார்.

மூன்று ஸ்ட்ரிப்பரையும் வாங்கிச் சோதித்தார். மூன்றும் சரியாக இருந்தன. என்னுடையது புதியது என்பதைக் கவனித்தார். மற்ற இருவரையும் அனுப்பிவிட்டு என்னை மட்டும் நிறுத்திக்கொண்டார்.

"பழசு இன்னா ஆச்சு?"

"ஸ்டோர்ல குடுத்துட்டேன்க்கா."

"மழுங்கிப்போச்சா, இல்ல கீழ உழுந்துச்சா?"

"மழுங்கிடுச்சுக்கா."

மழுங்கிய பிளேடு பிளாஸ்டிக்கைத்தான் பிய்க்கும், இழையைக் கீறாது. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தது போல இருந்தது. பிறகு, "சரி, போ" என்றார். அந்தத் தொகுதி முழுவதையும் கழித்துக்கட்டி, தன் பெயரிலேயே சிவப்புச் சீட்டு எழுதினார். எங்கள் மூவர் பெயரும் அதில் இல்லை. முந்தின நாள் போன பதினொன்றைப் பற்றி அவர் பேசவில்லை. நானும் பேசவில்லை.

மூன்று மாதம் கழித்து பதினொன்றில் ஒன்று திரும்பி வந்தது. பெங்களூரில் அதிர்வு மேசையில் வைத்துக் குலுக்கியபோது நீலக்கம்பி அறுந்திருக்கிறது. வெட்டிப் பார்த்துப் படம் எடுத்து அனுப்பியிருந்தார்கள். மற்ற பத்தும் குலுக்கலில் தேறிவிட்டன, அவற்றை வாங்கிக்கொள்கிறோம், இதற்குப் பதில் மட்டும் சொல்லுங்கள் என்று கடிதம். தாளில் இருந்தது அக்காவின் முத்திரை. மேனேஜர் கண்ணாடி அறைக்குள் அக்காவை உட்காரவைத்து அரைமணி நேரம் பேசினார். எங்களுக்குக் குரல் கேட்கவில்லை. அக்கா எதற்கும் தலையை ஆட்டவில்லை, கையை விரிக்கவில்லை. கடைசியில் உள்பையிலிருந்து நாடாவோடு முத்திரையை எடுத்து மேசைமேல் வைத்ததை மட்டும் பார்த்தோம். மேனேஜர் எங்கள் முன்னாலேயே ஒரு பிளேடால் அந்த ரப்பரைக் குறுக்கே அறுத்தார். அதுதான் விதிமுறை, இனி யாரும் பயன்படுத்தக் கூடாது. முத்திரை இல்லாமல் அக்காவுக்கு அங்கே வேலை இல்லை. கோட்டை நான்காக மடித்து வைத்துவிட்டு வெளியே வந்தவர் எங்கள் மேசைப் பக்கம் ஒரு நொடி நின்றார்.

"எல்லாம் ஜாக்கிரதையா செய்யுங்க" என்றார். என்னைத் தனியாகப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் சொல்லியிருப்பேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். சொல்லியிருக்கமாட்டேன்.

அடுத்த மாதம் என்னை நிரந்தரமாக்கினார்கள். கல்யாணம் ஆனது, பெண் பிறந்தாள். நாலாவது வருஷம் பெங்களூருக்கு அனுப்பிப் பயிற்சி கொடுத்து என்னையே சோதனைக்கு உட்கார வைத்தார்கள். புது முத்திரை, என் எண். அதே நாற்காலி, அதே நுண்ணோக்கி. முதல் நாள் குனிந்து பார்த்தபோது கண்ணாடியில் எனக்கு முன்னால் யாரோ முகம் வைத்திருந்த சூடு இன்னும் இருப்பது போல இருந்தது. முகத்தை எடுத்துவிட்டேன்.

அதிலிருந்து எதுவும் கீழே விழும் சத்தம் எனக்கு ஆகாது. வீட்டில் என் பெண் ஸ்பூனைத் தவறவிட்டால் கைவேலை நின்றுவிடும். "உழுந்துச்சா?" என்று ஒரு குரல் கேட்கும். பேருந்தில் கண்டக்டர் கையிலிருந்து சில்லறை சிதறினால் கேட்கும். கோயிலில் யாரோ தாம்பாளத்தை நழுவவிட்டால் கேட்கும். ஒருமுறை என் பெண் பள்ளிக்கூடத்தில் தண்ணீர் பாட்டிலை உடைத்துவிட்டு, "தானா உடைஞ்சுது" என்று வந்து நின்றாள். ஐந்து வயதுக் குழந்தை. நான் அவளைத் தோளைப் பிடித்து உலுக்கி, "உழுந்துச்சா இல்லியா, சொல்லு" என்று கத்தினேன். அவள் மிரண்டு அழுதாள். என் கணவர் ஓடிவந்து அவளைத் தூக்கிக்கொண்டு, "ஒரு பாட்டிலுக்கா இந்த ஆட்டம்?" என்றார்.

மாமியாருக்கு மேல்மலையனூர் அம்மன்மேல் பக்தி அதிகம். போன வருஷம் ஓர் அமாவாசை அன்று காலையிலேயே என்னைக் கூட்டிக்கொண்டு போனார். நடக்க இடமில்லாத கூட்டம். கோயிலுக்குப் போகும் வழியில் பூசைச் சாமான் கடைகள் வரிசையாக இருந்தன. ஒரு கடையின் ஓரத்தில் தரையில் உட்கார்ந்து ஒரு பெண் எலுமிச்சை மாலை கோத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பழத்தையும் விரல்களுக்கிடையில் சுற்றி, காம்புப் பக்கம் பார்த்து, கீறல் இருப்பதை ஒதுக்கிவைத்துவிட்டு நல்லதை மட்டும் ஊசியில் ஏற்றினார். அந்தச் சுற்றும் விரல்களை எனக்குத் தெரியும். அக்கா நரைத்திருந்தார், இளைத்திருந்தார். நான் மாமியாரைத் தோளோடு அணைத்துக்கொண்டு கூட்டத்துக்குள் புகுந்தேன். வளையல் கடைப் படுதாவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். "இன்னாம்மா, பேய் கண்டாப்பல நிக்கற?" என்றார் மாமியார். தலை சுற்றுகிறது என்று சொல்லித் திரும்பிவிட்டோம்.

மூன்று வாரம் என்னால் ஒழுங்காகச் சாப்பிட முடியவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை விடுப்பு எடுத்து, செஞ்சி வழியாகப் பஸ் பிடித்து மறுபடி போனேன். அமாவாசை இல்லாத நாளில் அந்த ஊர் வேறு ஊராக இருந்தது. பாதிக் கடைகள் மூடிக்கிடந்தன. சாலையோரம் மல்லாட்டை காயப்போட்டிருந்தார்கள். கடையில் விசாரித்து அக்கா வீட்டுக்குப் போனேன்.

என்னை உடனே தெரிந்துகொண்டார். "அட, நீயா? எம்மாம் வருசமாச்சு" என்று உள்ளே கூப்பிட்டு, ஒரு சொம்பில் தண்ணீர் கொடுத்தார். திண்டிவனத்தில் இருக்க முடியாமல் கணவரின் ஊருக்கே வந்துவிட்டதாகவும், கொழுந்தனார் கடையில் உதவியாக இருப்பதாகவும் சொன்னார். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டார். இப்போது நான்தான் சோதனையில் இருக்கிறேன் என்று சொல்ல நேர்ந்தது. "நல்லது" என்றார். அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு என்னால் தாங்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். ஸ்ட்ரிப்பர் விழுந்தது, துடைத்தது, மழுங்கிவிட்டது என்று சொன்னது, எல்லாவற்றையும்.

அக்கா அழவில்லை, திட்டவில்லை.

"இன்னாத்துக்கு இப்ப வந்து சொல்ற?"

"மனசு கேக்கலக்கா."

"ஒன் மனசு கேக்கலன்னு என் வூட்டுக்கு வந்தியா?" என் கையிலிருந்த சொம்பை வாங்கிக் கீழே வைத்தார். நான் பாதிகூடக் குடித்திருக்கவில்லை. "எத்தினி கேபிள் போச்சு அன்னிக்கு?"

"பதினொண்ணு."

"ஒண்ணு திரும்பி வந்துச்சு. மிச்சம் பத்து எங்க கீது?"

"தெரியலக்கா."

"நானா மேல பறந்துக்கினு கீறேன்? என்னாண்ட சொல்லி இன்னா ஆவப்போவுது? எங்க சொல்லணுமோ அங்க போயி சொல்லு."

எழுந்து உள்ளே போய்விட்டார். நான் கொஞ்ச நேரம் தனியாக உட்கார்ந்திருந்துவிட்டு வந்துவிட்டேன். மன்னிப்பு என்ற வார்த்தையை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பஸ்ஸில் வரும்போது ஒன்று புரிந்தது. இத்தனை வருஷம் நான் அக்காவை நினைத்தே வெந்துகொண்டிருந்தேன். அந்தப் பத்துக் கேபிளையும் நம்பி உட்கார்ந்திருப்பவர்களை ஒருநாளும் நினைத்ததில்லை. அக்கா கேட்டது அவர்களைப் பற்றித்தான்.

மறுநாள் மேனேஜரிடம் போனேன். அதே மேனேஜர்தான். கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார். "இத்தனை வருஷத்துல ஒரு கம்ப்ளெயின்ட் வரல. எதுக்கும்மா இந்தப் பேஜாரு? ஒரு லைன் போனா ஸ்பேர் லைன் ஒண்ணு இருக்கும், தெரியும்ல உனக்கு?" என்றார்.

"ரெண்டு லைனும் நம்ம கேபிளா இருந்தா சார்?"

அவர் மாலைவரை யோசித்துவிட்டு என்னையே எழுதச் சொன்னார். நான்கு வரியில் எழுதினேன். எந்த வாரம், எந்தக் கருவி, எந்த எண்கள், என் பெயர். அவர் அதை மாற்றாமல் பெங்களூருக்கு அனுப்பினார். அதற்காக அவருக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். அன்றே என் முத்திரையையும் வாங்கிக்கொண்டார். வேலையை விட்டு அனுப்பவில்லை. ஸ்டோரில் போட்டார்கள். பின்களையும் கனெக்டர்களையும் எண்ணிப் பையில் போட்டுக் கொடுக்கும் வேலை. இப்போதும் அங்கேதான் இருக்கிறேன். வீட்டில் கணவர் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "சொன்னது சரிதான். அன்னைக்கே சொல்லியிருக்கலாம்" என்றார். அதற்குமேல் அதைப் பற்றி நாங்கள் பேசியதில்லை.

பதில் வர ஐந்து மாதம் ஆனது. பத்தில் ஒன்பதைக் கண்டுபிடித்துக் கழற்றிவிட்டார்கள். வெட்டிப் பார்த்ததில் நான்கில் கீறல் இருந்தது. ஒன்றில் ஏழு இழைகள் அறுந்து, மிச்சத்தில் ஓடிக்கொண்டிருந்ததாம். பத்தாவது கிடைக்கவில்லை. எப்போதோ ஒரு பழுதுபார்க்கும் கூடத்தில் கழற்றி உபரியாக வைத்திருக்கிறார்கள். அங்கிருந்து வேறெங்கோ கொடுத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு அந்த எண் எந்தத் தாளிலும் இல்லை. குப்பையில் போயிருக்கலாம். ஏதோ அலமாரியில் பையோடு கிடக்கலாம். பறந்துகொண்டும் இருக்கலாம்.

அந்தக் கடிதத்தின் நகலை எடுத்துக்கொண்டு மூன்றாம் முறை மேல்மலையனூர் போனேன். அக்கா வெளியே நின்றபடியே வாங்கினார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பத்து எண்களையும் ஒவ்வொன்றாக விரல்வைத்துப் படித்தார். கடைசி எண்ணுக்கு எதிரில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. விரல் அங்கேயே நின்றது.

"இது?"

"கிடைக்கலக்கா."

அக்கா வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். நானும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தேன்.

"அந்தப் பொதங்கெழம சாயங்காலம்," என்றார், என்னைப் பார்க்காமல், "ஒரு கேபிள ரெண்டு தடவ பாத்தேன். பின்னு வாயாண்ட, பிளாஸ்டிக் முடியற எடத்துல, ஏதோ மினுக்குனாப்பல இருந்துச்சு. திருப்பிப் பாத்தா தெரியல. மூணாவது தடவ பாத்திருக்கணும். வண்டி வந்து நின்னுக்கினு ஹாரன் அடிச்சிக்கினு இருந்தான். முத்திரய வெச்சிட்டேன்." கடிதத்தை மடித்தார். "மறுநாளு நீ மழுங்கிடுச்சுன்ன. பொய்யின்னு தெரிஞ்சுது. கேட்டா பதினொண்ணையும் திருப்பிக் கூப்புடணும். நான் பாத்தும் வுட்டேன்னு நானே சொல்லிக்கணும். அதான் 'சரி, போ'ன்னேன்."

"அது எந்த நம்பருக்கா?" என்றேன்.

"அதான் ஞாபகம் வல்ல" என்றார். "ஒரு வேள திரும்பி வந்துச்சே, அதுவா இருக்கும்னு நெனச்சி நெனச்சி மனசத் தேத்திக்கினேன். இத்தினி வருசமா யோசிச்சிக்கினுதான் கீறேன். வல்ல."

அன்றைக்கு அவர் என்னைச் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார். கேப்பைக் களியும் கருவாட்டுக் குழம்பும். இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிட்டோம். பஸ் ஏறும்போது என் போன் நம்பரை ஒரு சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டார்.

இப்போது மாதம் ஒருமுறை அக்காவிடமிருந்து போன் வருகிறது, எப்போதும் மதியச் சாப்பாட்டு வேளையில். நான் ஸ்டோருக்கு வெளியே வேப்பமரத்தடிக்கு வந்து எடுப்பேன்.

"ஏதாச்சும் தெரிஞ்சுதா?"

"இன்னும் இல்லக்கா. போன வாரமும் கேட்டு எழுதியிருக்கேன்."

அவர் உடனே வைத்துவிடமாட்டார். நானும் வைக்கமாட்டேன். அவர் பக்கம் யாரோ தேங்காய் உடைக்கும் சத்தம் கேட்கும். என் பக்கம் பெரிய சாலையில் லாரிகள் போய்க்கொண்டிருக்கும். இருவரும் அதைக் கேட்டுக்கொண்டே கொஞ்ச நேரம் நிற்போம். பிறகு, "சரி, அடுத்த மாசம் கேக்கறேன்" என்பார்.